பெரியப்பாவின் ஃபோகஸ் விளக்குகள்

என் பெரியப்பா மீது எனக்கு இருந்த கோபத்துக்கு, அன்று அவரைக் கடித்து வைக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

தி. நகரில் எங்கள் ஜவுளிக் கடையை நடத்தியவர் அவர். வீட்டில் யார் என்ன படிப்பது என்பதையும் அவரே தீர்மானித்தார். நான் பத்தாவது படித்தபோது, அடுத்து காமர்ஸ் எடுக்க வேண்டும் என்றார். சயன்ஸ்தான் என்று அடம்பிடித்தேன். "ஸ்கூல் கண்காட்சியில பரிசு வாங்கிட்டு வா, பொறவு பாப்போம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது.

ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் பெயர்ந்து வரும் என்று காட்டுவது என் திட்டம். செத்துப்போன டார்ச் பேட்டரியை அறுத்துத் துத்தநாகத் தகடு எடுத்தேன். உப்புத்தாளால் தேய்த்து ஒரு பாட்டில் மூடியின் மேல் பொருத்தினேன். உள்ளே, தகட்டோடு கம்பியால் இணைத்த இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்கள். தலை சீவி மின்னேறிய பிளாஸ்டிக் சீப்பால் தகட்டைத் தொட்டால், அதிலிருந்து எலக்ட்ரான்கள் ஏறி, தாள்கள் விரியும். பழைய வாட்டர் ஃபில்டரிலிருந்து கழற்றிய புற ஊதா விளக்கைக் காட்டினால் எலக்ட்ரான்கள் வெளியேறி, தாள்கள் படுத்துவிடும். வீட்டில் பத்துத் தடவை படுத்தன.

கண்காட்சியன்று பெரியப்பா, யாரும் கூப்பிடாமலே, கடை வேனில் வந்து இறங்கினார். கூடவே ஷோகேஸ் கண்ணாடியில் செய்த ஒரு பெட்டி, நான்கு ஃபோகஸ் விளக்குகள். "ஏட்டி, வெளிச்சம் இருந்தாத்தான் சரக்கு எடுபடும். தூசி வேற விழுது" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

நடுவராக ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்தார். சீப்பால் தொட்டுத் தாள்களை விரித்தேன். உடனே பெரியப்பா பாட்டில் மேல் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார். வெளியிலிருந்து என் விளக்கைக் காட்டினேன். விரிந்த தாள்கள் விரிந்தபடியே நின்றன. பெரியப்பா ஒரு ஃபோகஸ் விளக்கைப் போட்டார். ஊஹூம். "பொறுட்டி, இன்னொண்ணு போடுதேன்." நான்கும் எரிந்து, என் மேசை கல்யாண மேடை மாதிரி ஜொலித்தது. தாள்கள் மட்டும் அசையவில்லை. பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள்.

நடுவர் பெரியப்பாவிடம் மெதுவாக, "சார், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார். பெரியப்பா கண்ணாடியைத் தூக்கக் கை நீட்டினார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"தொடாதீங்க! நீங்க வந்துதான் எல்லாம் நாசமாப் போச்சு!" என்று கத்தி, அவர் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. பெரியப்பா விளக்குகளை அணைத்து ஒயரைச் சுருட்டினார். நடுவர் சற்று நின்று பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பரிசு இல்லை. காமர்ஸ்தான் படித்தேன். பெரியப்பா மீதான கோபத்தை வருஷக்கணக்காகச் சோறு போட்டு வளர்த்தேன்.

போன மாதம் மகளின் ப்ளஸ் டூ பாடத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. சாதாரணக் கண்ணாடி புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும். மிஞ்சிய வெளிச்சத்தை எத்தனை விளக்கு போட்டுக் கூட்டினாலும் பிரயோஜனமில்லை. ஒளி துகள் துகளாக வருகிறது. ஒவ்வொரு துகளுக்கும் தனியாகவே எலக்ட்ரானைப் பெயர்க்கும் தெம்பு வேண்டும். நான்கு விளக்குக்கும் அசையாத தாள்கள், கண்ணாடியை எடுத்ததும் என் ஒற்றை விளக்குக்குப் படுத்திருக்கும். அதைவிட நல்ல சோதனை அந்த ஹாலில் வேறு இருந்திருக்காது. நடுவருக்கு அது தெரிந்திருந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாது, நடுவர் சொன்னதைச் செய்யப் போனார், அவ்வளவுதான்.

எனக்குப் பரிசு வாங்கித்தர நீண்ட அந்தக் கையைத்தான் நான் அடித்தேன்.