மூக்கருக்கு ஜலதோஷம்

கார் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கை வேண்டும், கண் வேண்டும். மூக்கருக்கு அவை இரண்டும் சுமார்தான், மூக்குதான் மூலதனம். கிளட்ச் கருகியிருந்தால், ஓட்டி வந்தவரின் சட்டையை முகர்ந்தே சொல்லிவிடுவார். பானட்டைத் திறக்கும் முன்பே மூக்கால் தீர்ப்புச் சொல்வது இருபத்தாறு வருஷத்து வழக்கம். யார் கேட்டார்கள் இந்த வித்தையை? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் அவரேதான்.

இப்போது பத்து நாளாகக் கடும் ஜலதோஷம். வெங்காயத்தை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தானா சம்பந்தி வர வேண்டும்? மகளின் மாமனார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். காரிலிருந்து இறங்கும்போதே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்.

"தினமும் ரேடியேட்டர்ல கூலன்ட் ஊத்துறேன், காணாம போகுது. தரையில ஒரு சொட்டு இல்ல. சூடு காட்டுற முள்ளு சிவப்புக்கு ஏறிடுது. பெரிய பட்டறையில கேஸ்கெட் போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்னுட்டான். அதுக்கு வித்துடலாம், சாயங்காலம் புரோக்கர் வர்றான். அதுக்கு முன்னால உங்க மூக்கு என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம்."

பெண்ணைக் கொடுத்த இடம். தப்பாகச் சொன்னால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுகிற மனிதர். மூக்கர் காரை மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியைச் சுருக்கி, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். சளிதான் வந்தது.

வேறு வழியில்லாமல் ஊரார் செய்வதைச் செய்தார். ஆயிலை இழுத்துப் பார்த்தார். கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் கலந்து பால் போல வெளுத்திருக்கும், இது சுத்தம். சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. அப்படியானால் கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது.

"அப்ப தண்ணி எங்கதான் போகுது?"

"வண்டி ஆறட்டும் சம்பந்தி, சொல்றேன்." ஆற வேண்டியது வண்டி மட்டுமல்ல.

அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு காரருகே போனாள். டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் சம்பந்தியம்மா செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் சம்பந்தியம்மா இப்படி உக்காந்திருக்கீங்க?"

"கீழ விரிப்பு மூணு வாரமா ஈரம். தித்திப்பா ஒரு நாத்தம் வேற."

மனைவி உள்ளே தலையை விட்டு முகர்ந்தாள். விரலால் விரிப்பைத் தொட்டாள், பிசுபிசுத்தது. நேரே வந்து மூக்கரின் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள்.

மூக்கர் நிமிர்ந்தார். கண்ணை மூடி ஒரு பெரிய மூச்சு இழுத்தார். வெட்கமே இல்லாத மனிதர்.

"டேஷ்போர்டுக்குள்ள இருக்கற ஹீட்டர் ஓட்டை, சம்பந்தி. அதுலயும் இந்தப் பச்சைக் கூலன்ட்தான் ஓடும், உள்ளுக்குள்ளயே ஒழுகுது. நம்பலன்னா ஷூவைக் கழட்டிட்டு முன் சீட்டுல உக்காருங்க."

சம்பந்தியம்மா இறங்கினாள், தலைமையாசிரியர் ஏறினார். ஆறிப்போன ரேடியேட்டர் வாயில் பம்பைப் பொருத்தி மூக்கர் காற்றை அடித்தார். பம்பின் முள் ஏறியது, பிறகு காற்று எங்கோ கசிவதைக் காட்டி மெல்ல மெல்ல இறங்கியது. பத்து நிமிஷத்தில் தலைமையாசிரியரின் வெள்ளைச் சாக்ஸ் பச்சையாகிவிட்டது.

"என்னா மூக்குய்யா. எஞ்சினையே பிரிக்க இருந்தானுங்க. புரோக்கரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். உங்க மூக்கைப் பத்தி ஊரெல்லாம் சொல்லப்போறேன்."

மூக்கர் சிரிக்கத்தான் நினைத்தார். ஆனால் சம்பந்தியம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு கூசியது. இருபத்தாறு வருஷப் பெயர் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க சம்பந்தி. என் மூக்கு அடைச்சுப் பத்து நாளாச்சு. கண்டுபிடிச்சது உங்க வீட்டம்மாதான். மூணு வாரமா அவங்க கால் நனைஞ்சுக்கிட்டு இருக்கு."

தலைமையாசிரியர் தன் சாக்ஸைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். தண்ணி பாட்டிலைச் சிந்தாம குடிக்கத் தெரியாதான்னு கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மா குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.