பைலிச்சேட்டனும் பன்னிரண்டாம் பக்கமும்

“ஒட்டினியா, ஒட்டினதா நெனச்சியா? அத மொதல்ல சொல்லு.”

கீபோர்டைக் கவிழ்த்து மேசை விளிம்பில் மூன்று தட்டுத் தட்டியபடியே பைலிச்சேட்டன் கேட்கிறார். கீபோர்டுக்குள்ளிருந்து நேற்றைய மிக்சர் உதிர்கிறது. எதிரே நிற்கும் ரப்பர்க்கடை ஆள் தலையைச் சொறிகிறான். மெயில் போய்விட்டதாம்; ஆனால் பேப்பர் எதுவும் வரவில்லை என்று கோட்டயத்து ஆபீசிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டதாம். அவன் அனுப்பிய மெயிலைப் பைலிச்சேட்டன் திறந்து ஒரு பார்வை பார்க்கிறார். அவ்வளவுதான்.

“வெறும் கவர அனுப்பியிருக்க. கல்யாண வீட்டுக்குப் போய் மொய்க்கவர்ல ஒண்ணும் வைக்காமக் குடுத்த மாதிரி. சாப்பிட்டுட்டும் வந்துட்ட. அவன் போன் பண்ண மாட்டானா?”

பொன்குன்னம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது அவருடைய கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். அறுபத்தாறு வயது. எட்டாம் வகுப்பு, அதுவும் முதல் பருவத்து ஓணப் பரீட்சை வரைக்கும்தான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் குவைத்தில். அங்கே ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் மேசை மேசையாக டீ கொண்டுபோய் வைத்தார். டீயை வைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுகிற ஆளா அவர்? தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன வருகிறது, எதை அமுக்கினால் மேனேஜர் தலையில் கை வைக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே மனசில் ஏற்றிக்கொண்டார். “ட்ரேயக் கையில பிடிச்சுக்கிட்டே படிச்ச படிப்பு. ஒரு சொட்டுச் சிந்துனதில்ல” என்பார். சும்மா சொல்வதில்லை. காலேஜில் கம்ப்யூட்டரே பாடமாகப் படித்துவிட்டு வந்தவன் கைவிரித்த மெயிலை, பரோட்டா ஆறுவதற்குள் அனுப்பிக் காட்டிய மனிதர்.

இங்கிலீஷ் எழுத்துகள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவை கூட்டமாகச் சேர்ந்தால்தான் தகராறு. அதனால் திரையில் வருகிற எச்சரிக்கைகளை அவர் படிப்பதில்லை, அடையாளம் வைத்திருக்கிறார். சிவப்பு எழுத்து வந்தால் விலாசத்தில் பிழை. நீலக் கோடு பாதியில் நின்றால் நெட் போய்விட்டது. விலை கூடின போனில் எடுத்த படம் எதிர்முனையில் திறக்கவில்லை என்றால் அதை வேறு வகையாக மாற்ற வேண்டும்.

மெயிலில் சேர்த்து அனுப்புவதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் பொதி. பெரிய பொதி ஏன் போகாது என்று யாராவது கேட்டால், வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடே இல்லாத அந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற மாதிரிச் சொல்வார். “பிளேன்ல எவ்வளவு ஏத்துவான்? மெயில்லயும் அதே கத. இருபத்தஞ்சு எம்.பி.க்கு மேல போச்சுன்னா பெட்டியக் குடோன்ல எறக்கி வச்சுட்டு, உன் கையில டோக்கன் குடுத்துருவான். அங்க போய்ச் சேர்றது டோக்கன் மட்டும்தான்.”

கடையின் ஒரே நல்ல நாற்காலியில் நாள் முழுக்கப் பத்திரிகை படிப்பவர் சாக்கோ மாஷ். ஹைஸ்கூலில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கும் பைலிச்சேட்டனுக்கும் ஓயாத வாய்ச்சண்டை. “நீ டீ குடுத்த ஊர்ல என்னையப் போட்டிருந்தா நான் கம்பெனியே நடத்தியிருப்பேன்” என்பார் மாஷ். “நடத்தியிருப்பீங்க மாஷே. டீ யாரு குடுத்திருப்பா?” என்பார் இவர்.

இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை, மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு, ஜிஸ்மி கடைக்குள் ஓடி வந்தாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி உடுப்பை மாற்றக்கூட இல்லை. ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளுடைய சர்டிபிகேட்டுகளை முந்தின திங்கட்கிழமைதான் பைலிச்சேட்டன் அனுப்பியிருந்தார். அனுப்பிய கையோடு, “மோளே, பொதி ஜெர்மனியில எறங்கிருச்சு. நீ கம்பளி வாங்கு” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னவரும் அவரேதான்.

“சேட்டா, அவங்களால தெறக்க முடியலையாம். லிங்க்கெல்லாம் எடுத்துக்க மாட்டாங்களாம். பேப்பரா ஒட்டணும், பத்து எம்.பி.க்குள்ள இருக்கணும். இன்னிக்கு அவங்க ஊர் பன்னெண்டு மணி வரைக்கும்தான் டைம்.”

அவர்கள் ஊரின் பன்னிரண்டு இங்கே மூன்றரை. அந்த இடத்துக்காக ஜிஸ்மி இரண்டு வருஷம் ஜெர்மன் படித்திருந்தாள். ஒரு தடவை தோற்று, மறுபடி எழுதித் தேறினாள். அம்மா ஏலிக்குட்டி விடிகாலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அந்தப் படிப்பு முழுக்க அவள் வெட்டிய பால். இந்தத் தவணை போனால் அடுத்தது ஒரு வருஷம் கழித்து. ஜெர்மன் சர்டிபிகேட் அதற்குள் காலாவதி ஆகிவிடும்.

பைலிச்சேட்டன் அவள் மெயிலைத் திறந்தார். பொதி இருந்த இடத்தில் டோக்கன்தான் இருந்தது. முப்பத்தொரு எம்.பி. குடோனில் கிடக்க, குடோனுக்குப் பூட்டும் போட்டிருந்தது.

“அனுப்பும்போது திரையில ஒரு பெட்டி வந்திருக்குமே பைலி?” மாஷ் பத்திரிகையை மடித்தார். “அவங்க தெறக்க அனுமதி குடுக்கவான்னு கேட்டிருக்கும். என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சியா?”

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஜெராக்ஸ் மெஷின்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. பைலிச்சேட்டன் திரைப் பக்கம் திரும்பி வேலையைத் தொடங்கினார்.

குடோனிலிருந்து முப்பத்தொன்றையும் திரும்ப இறக்கி, ஒரே அமுக்காகச் சுருக்கிப் பார்த்தார். ஒன்பது எம்.பி. வந்தது. ஆனால் நர்சிங் கவுன்சில் முத்திரை ஈரத்தில் விழுந்த மை மாதிரிப் பரவி, பதிவு எண்ணே தெரியவில்லை. ஜிஸ்மி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

“அழாத. நர்ஸ் அழுதா நோயாளி என்ன பண்ணுவான்?” என்றவர், கட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாக எடை பார்க்க ஆரம்பித்தார். இருபத்து நாலு பக்கம். ஒரு பக்கம் முக்கால் எம்.பி., இன்னொரு பக்கம் அரை. பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்ததும் கை நின்றது. அந்த ஒன்று மட்டும் பதினெட்டு எம்.பி.

திரை முழுக்கப் புனிதர் கீவர்கீஸ் புண்ணியாளனின் படம். வெள்ளைக் குதிரை, கையில் ஈட்டி, காலடியில் பாம்பு, சுற்றிலும் தங்கச் சரிகைக் கரை.

அந்தப் பக்கத்து வீடுகளில் சர்டிபிகேட் ஃபைல் என்றால் உள்ளே ஒரு புண்ணியாளன் படம் இருக்கும். பைலிச்சேட்டன் எப்போதும் அதை எடுத்து மானிட்டர் மேல் சாத்திவைத்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்வார். முடிந்ததும் மரியாதையாகத் திருப்பி வைப்பார். திங்கட்கிழமை கடையில் கூட்டம். குவைத்துக் கதை ஒன்று பாதியில் ஓடிக்கொண்டிருந்ததில் படத்தை எடுக்க மறந்துபோனார். அவருடைய ஸ்கேனில் பேப்பரின் மடிப்புக்கூடத் தெரியும் என்ற பெருமைக்காக எல்லாவற்றையும் முழுத் தெளிவில் வைத்திருந்தார். தங்கச் சரிகையின் ஒவ்வொரு இழையும் அதே தெளிவில் ஏறிவிட்டது.

அதற்குள் மகள் போட்ட போனில் ஏலிக்குட்டி ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். கையில் ரப்பர்ப்பால் மணம். விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

“புண்ணியாளன எடுக்கக் கூடாது.”

“அம்மே, ஜெர்மன்காரங்க பார்த்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். பத்தாங்கிளாஸ்லேர்ந்து அவரு கூட வராம நீ எந்தப் பரீட்சையில தேறுன? இப்ப அவர நடுவழியில எறக்கிவிட்டுட்டு நீ மட்டும் போவியா?”

இரண்டரை மணி. “ஏலிக்குட்டி, நேரமில்ல” என்றார் மாஷ். அவள் அசையவில்லை. “சேட்டன்தான போயிருச்சுன்னு சொன்னாரு? புண்ணியாளன் கூடப் போனதே திரும்பி வந்துருச்சு. அவர எறக்குனா இன்னும் என்னென்ன ஆகுமோ.”

பைலிச்சேட்டன் நாற்காலியைத் திருப்பினார். அவளைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. கடை முழுக்கக் கேட்டது.

“ஏலிக்குட்டி, அவர் மேல குத்தமில்ல. ஏத்துனது நான். பெட்டியில என்னமோ எழுதி வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. மாஷ் பக்கத்துலதான் இருந்தாரு, கேட்டிருக்கலாம். கேக்கக் கூச்சம். கீழ இருந்த பொத்தான அமுக்கிட்டேன். தப்பு என்னோடது.”

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். இவ்வளவு வருஷம் காத்திருந்த வெற்றி அது. ஆனாலும் அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏலிக்குட்டி திரையிலிருந்த குதிரையைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “வெயிட்டு கூடுதல்னா எறங்கிக்கட்டும். அவருக்குத்தான் குதிர இருக்கே. பின்னாலயே வந்துருவாரு.”

கடையே சிரித்தது. ஜிஸ்மியும் அழுகையோடு சிரித்தாள்.

அப்புறம் நடந்ததுதான் வேலை. முத்திரை உள்ள பக்கங்களை அதே தெளிவில் விட்டார். வெறும் எழுத்துள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளையாக்கினார். ஒவ்வொன்றையும் எடை பார்த்து அடுக்கியபோது ஏழே கால் எம்.பி. வந்தது. முதலில் தன் விலாசத்துக்கே அனுப்பி, தன் போனில் திறந்து, பதிவு எண்ணை உரக்கப் படிக்கும்படி ஜிஸ்மியிடம் சொன்னார். சரியாக இருந்தது. அனுப்பும்போது திரையில் மறுபடி ஒரு சின்னப் பெட்டி எழும்பியது.

“மாஷே, இங்க வாங்க. இது என்ன சொல்லுது?”

மாஷ் எழுந்து வந்து, குனிந்து படித்தார். “ஒண்ணுமில்ல. தலைப்பு எழுதலையாம். எழுதணுமான்னு கேக்குது.”

“எழுதுங்க.”

மாஷ் ஒற்றை விரலால் தட்டினார். மூன்று எட்டுக்கு மெயில் போனது.

மூன்று இருபத்தொன்றுக்குப் பதில் வந்தது. ஜிஸ்மி படித்தாள்; பிறகு அம்மாவுக்காக மலையாளத்தில் சொன்னாள். எல்லாம் கிடைத்தது, எல்லாம் திறக்கிறது, அடுத்த வியாழக்கிழமை கம்ப்யூட்டர் வழியாகவே நேர்காணல், தயாராக இருக்கவும். ஏலிக்குட்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையிலிருந்தவர்கள் எல்லோரும் பைலிச்சேட்டனைப் பார்த்தார்கள். இனி குவைத்து வரும், ட்ரே வரும், சிந்தாத டீ வரும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவர் எழுந்தார். முட்டிக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியின் மடிப்பை அவிழ்த்து, பெரியவர்கள் எதிரே வரும்போது செய்கிற மாதிரி, கணுக்கால்வரை இறக்கிவிட்டார். தாயும் மகளும் ரோட்டைக் கடந்து பஸ் ஏறும்வரை அப்படியே நின்றார்.