எடுத்து வைத்த சீட்டு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. கொச்சி மட்டாஞ்சேரியில் லாட்டரிச் சீட்டு விற்க உட்கார்ந்த பிறகு அந்தக் குணம் முற்றிவிட்டது. பரிசு விழுந்த சீட்டு என்று நீட்டுவார்கள்; பார்த்தால் ஓர் எண்ணைச் சுரண்டி அந்த இடத்தில் வேறு எண் ஒட்டியிருக்கும். கலர் ஜெராக்ஸ் எடுத்து வந்தவனும் உண்டு. அதனால் யார் நீட்டினாலும் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, நகத்தால் ஒரு தேய் தேய்த்த பிறகுதான் ஆளின் முகத்தையே பார்ப்பேன். "என்ன சேச்சி, போலீஸ் வேலையா?" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் என் தம்பியைக் கொண்டுவந்து விட்டாள் அவன் பெண்டாட்டி. நான் இங்கே ஏதோ கடை வைத்திருப்பதாக மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தென்காசிப் பக்கம் ஆட்டோ ஓட்டியவன் அவன். போனில் ரம்மி ஆடி முதலில் ஆட்டோவைத் தொலைத்தான், பிறகு அவள் கழுத்துச் செயினை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாயாகூடக் குடிக்காமல், நின்றபடியே பேசினாள்.

"மதினி, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அவுக சத்தியம் எனக்கு வேண்டாம். 'விட்டுட்டான்'னு ஒங்க வாயால என்னைக்குச் சொல்லுதீகளோ, அன்னைக்கு வாரேன். இல்லன்னா இல்ல."

ஒரு குடும்பம் சேர்வதும் சேராததும் என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன பாவம் செய்தேனோ.

தம்பிக்கு யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் மூட்டை தைக்கும் வேலை கிடைத்தது. அதற்குக் கொஞ்ச நாளில்தான் போனில் பணம் வைத்து ஆடுவதற்கு நாடு முழுக்கத் தடை என்று டெல்லியில் சட்டம் போட்டார்கள். எல்லோரும் இனி நிம்மதி என்றார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. கிட்டங்கிக் கணக்கர் வேறு பயத்தைக் கிளப்பினார். இங்கே மூடினால் வெளிநாட்டிலிருந்து திறந்து வைக்கிறான், கோவாவில் ஆற்றுக்கு நடுவே கப்பலிலேயே ஆடுகிறார்கள், வளைகுடாவில் பிடித்தால் ஜெயில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே வீட்டு ஆட்கள் மனுக் கொடுத்தால், அந்த ஆளை கேசினோ வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"இங்க யாருக்கு எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிறகென்ன, நானே காவலுக்கு நின்றேன். அவன் குளிக்கப் போனால் அவன் போன் என் கையில் இருக்கும். பூட்டுக்கு எப்படிக் கோடு இழுக்கிறான் என்பதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து வைத்திருந்தேன். உள்ளே ரம்மி இல்லை, கேசினோ இல்லை. பிள்ளையின் போட்டோக்கள்தான் இருந்தன. ஒன்றுமே இல்லாத போன் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. வேலை இல்லாத நாட்களில் மதியம் மூன்று மணிக்கு மட்டும் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போவான். மூன்று மணி எங்களுக்குக் குலுக்கல் நேரம். ஊரே போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அது என் கண்ணில் உறுத்தவே இல்லை.

ஆறேழு மாதம் இப்படிப் போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போனில், "விட்டுட்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கே ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள்.

புதன்கிழமை, படகுத்துறையில் சீட்டு விற்கும் பெண் ஓட்டமாக வந்தாள். மலையாளக்காரி, நல்லவள். "சேச்சி, அம்மைக்கு சுகமில்லா. ஆசுபத்திரி போய்ட்டு வரணும். ரெண்டு மணி வரைக்கும் என் இடத்துல ஒண்ணு இருக்குமோ?" என்றாள். என் சீட்டுத் தட்டையும் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். கிளம்பும்போது ரப்பர் பேண்டு போட்ட ஐந்து சீட்டுகளைத் தனியே கொடுத்தாள். "இது எடுத்து வெச்சது. சுக்குக் கிட்டங்கியில ஒரு தமிழன் சேட்டன் உண்டு. சோறுண்ணுற நேரத்துக்கு வரும். டெய்லி அஞ்சு. நம்பர் ஏழுல முடியணும், இல்லேன்னா வாங்காது."

எங்கள் தொழிலில் இது வழக்கம். வாடிக்கைக்காரர் சொல்லி வைத்தால் சீட்டை எடுத்து வைத்துவிடுவோம். அதை வேறு யாருக்கும் விற்க மாட்டோம். கிட்டங்கியில் பத்திருபது தமிழர்கள் இருந்தார்கள். எந்த வீட்டுக்குப் பிடித்த சனியனோ, தினமும் ஐந்து வாங்குகிறானே என்று நினைத்தேன். அந்த வீடு என் வீடு என்று தோன்றவில்லை.

ஒரு மணிக்கு என் தம்பி வந்தான். சட்டையில் ஒட்டிய சுக்குத்தூளைத் தட்டிக்கொண்டே, "சேச்சி, என்றெ சீட்டு" என்று கையை நீட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஏலே, எத்தன நாளா?"

"இங்க வந்த மாசத்துலேர்ந்து."

"என்ட்ட வாங்க வேண்டியதுதான?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"அவகிட்ட சத்தியம் பண்ணுனியே. அது?"

"போன்ல ஆடலியே. ரம்மிக்குத்தான் தடை. இது கவர்மெண்டு சீட்டுக்கா. தப்புன்னா நீ விப்பியா?"

கன்னத்தில் ஒன்று விடக் கை ஓங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் படகிலிருந்து இறங்கிய ஒருவர், "நாலு சீட்டு, நல்லதா நோக்கி எடுத்துத் தா சேச்சி" என்றார். ஓங்கிய கை இறங்கி நாலு சீட்டைக் கிழித்துக் கொடுத்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் போன பிறகு மெல்லச் சொன்னான். "வெள்ளிக்கிழம பிள்ள வருதுக்கா. அவகிட்டச் சொல்லிராத."

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். கொச்சியில் மழையா, குடை எடுத்து வரவா, எனக்கு முறுக்குப் பிடிக்குமா என்று சந்தோஷமாகப் பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேச்சோடு பேச்சாக, "விட்டது விட்டதுதான மதினி?" என்றாள்.

போனில் ஆடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அது எனக்கே எண்ணை மாற்றி ஒட்டிய சீட்டு போல இருந்தது.

"இல்லம்மா. விடல" என்றேன். "இப்ப டெய்லி லாட்டரி வாங்குதான்."

பக்கத்தில் கூப்பிட்ட பிள்ளையை 'இரு' என்று அதட்டிவிட்டுக் கேட்டாள்.

"நம்மூர்ல அதுக்குத் தடையாச்சே மதினி. அங்க தடை கிடையாதா?"

"கிடையாது" என்றேன். "இங்க நான்தாம்மா அத விக்கேன்."