என்ன தண்ணி வேணும்?

பினாங்குக்குப் போய் வந்தவர்கள் சுவரோவியம், மலை ரயில், கடற்கரை என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். நான் அதையெல்லாம் பார்க்கப் போகவில்லை. என் மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டி வரப் போனேன்.

எனக்குத் திண்டுக்கல்லில் லாரிப் பட்டறை. மகள் ஜெசி பினாங்கில் கெலுகோர் என்ற இடத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடமாக ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப் போய்விட்டது. பெயர் டோமினிக். பள்ளி ஆசிரியர், நம் தமிழன், நம்மைப் போலக் கத்தோலிக்கன். போன மாதம் வீடியோவில் பேச வைத்தாள். "எந்த ஊருப்பா பூர்வீகம்?" என்று கேட்டேன். தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர்களாம், ஊர் தெரியாதாம். சரி, வேலை முடிந்து என்ன செய்வாய் என்றேன். "கூட்டாளிங்களோட தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்கு வருவேன் அங்கிள்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

போனை வைத்துவிட்டேன். பிறகு ஜெசியிடம், "இது வேண்டாம்" என்றேன். காரணம் கேட்டாள். சொல்லவில்லை. காரணம் சொன்னால் வாதம் வரும். எனக்கு வாதம் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை காலை இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து கெலுகோர் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். வாடகைக் காருக்கு இருபது வெள்ளி. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஜெசி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். ஓட்டுநர் தமிழர். "ஊர்லேர்ந்தா அண்ணே? மகளைப் பாக்க வந்தீங்களா?" என்றார். "கூட்டிட்டுப் போக" என்றேன். அவர் ரேடியோவைப் போட்டார்.

சனிக்கிழமை டோமினிக் வீட்டுக்குப் போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். "ஒரு தடவை அவங்க அம்மா மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. நான் டிக்கெட் போடறேன்" என்றாள். முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பயம்? சரி என்றேன்.

சனிக்கிழமை காலை பேருந்தில் ஜார்ஜ் டவுன் போனோம். டோமினிக் வீடு கடலுக்கு அக்கரையில். படகுத்துறைக்குப் போகுமுன் சாப்பிட்டுவிடலாம் என்று ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பழைய கடை வரிசை, மேலே வீடு, கீழே கடை. சோறும் மீன் குழம்பும் பன்னிரண்டு வெள்ளி. குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். பரிமாறுகிறவர் வந்து என் தலைக்கு மேலே நின்றார்.

"அண்ணே, தண்ணி?"

"என்னப்பா கேக்குற?"

"தண்ணிண்ணே. என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "பட்டப்பகல்ல, பெத்த பொண்ண பக்கத்துல வெச்சுக்கிட்டு இருக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? என்னப் பாத்தா குடிகாரன் மாதிரியா இருக்கு?"

கடையே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் பயப்படவில்லை. அவருக்கும் கோபம் வந்தது.

"அண்ணே, இது முஸ்லிம் கடைலா! தே இருக்கு, கோப்பி இருக்கு, மைலோ இருக்கு. சூடா, ஐஸான்னுதான் கேட்டேன். ஏண்ணே காலையிலேயே சண்டைக்கு வர்றீங்க?"

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். "ஊர்க்காரருலா, விடு. அங்க தண்ணின்னா வேற."

ஜெசி சிரிக்கவில்லை. சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னைக்கு போன்ல. இதுக்குத்தானா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "இங்க கூட்டாளின்னா ஃப்ரெண்டுப்பா. தண்ணின்னா டீ. ஸ்கூல் விட்டதும் வாத்தியாருங்க சேர்ந்து டீ குடிப்பாங்க. அதச் சொன்னாரு."

எங்கள் பக்கம் போலீஸ் பிடிக்கிறவனுக்குத்தான் கூட்டாளிகள் இருப்பார்கள். தண்ணிக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டையும் சேர்த்து நான் ஒரு ஆளை உருவாக்கி, அவனுக்குத்தான் பெண் தர மாட்டேன் என்றிருக்கிறேன். சரி, தப்பு. ஒத்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நான் சாதின்னு நெனச்சேன்பா."

"என்னது?"

"ஊர் கேட்டீங்க. தெரியாதுன்னாரு. ரெண்டு நிமிஷத்துல வெச்சுட்டீங்க. அப்புறம் வேண்டாம்னீங்க. காரணம் சொல்லல. நான் வேற என்ன நெனக்கிறது? அவங்க அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டேன்."

நான் பட்டறைக்கு வரும் எல்லா டிரைவரிடமும் முதலில் ஊரைத்தான் கேட்பேன். பேச்சுக்கு ஒரு தொடக்கம் வேண்டாமா? என் வீட்டில் இருபத்தைந்து வருடம் வளர்ந்தவள் என்னை அப்படி நினைப்பாளா என்று கத்த வந்தேன். "நீங்க அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடிகாரன்னு நெனச்சீங்கல்ல?" என்றாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. என் தம்பி மஞ்சள் காமாலையில் செத்தான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். குடித்துச் செத்தான். பட்டறை வாசலிலிருந்து நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். போனில் என் காது ஒரு வார்த்தையைத்தான் வாங்கியது. மீதியைச் செத்துப்போன தம்பி வந்து நிரப்பிவிட்டான்.

படகுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி. அக்கரையில் பட்டர்வொர்த். டோமினிக் பழைய காரோடு நின்றிருந்தான். நான் கை கொடுத்தேன். அவன் தயங்கித்தான் கொடுத்தான். தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் நிபோங் திபால், அதற்குப் பக்கத்தில் பைராம் தோட்டம். இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். நிழல் இருக்கிறது, ஆனால் காற்று இல்லை.

டோமினிக்கின் அம்மா வாசலில் நின்றார். வாங்க என்றார். உட்கார்ந்ததும் நேராகவே சொன்னார். "அண்ணே, நாங்க தோட்டத்து ஆளுங்க. எந்த ஊரு, என்ன சாதின்னு எங்களுக்கே தெரியாது. அது குறைன்னா இப்பவே சொல்லிருங்க. பிள்ளைங்க மனசு கெடக் கூடாது."

இவ்வளவு நேராகப் பேசுகிறவரைப் பார்த்து எனக்கு நாளாகிவிட்டது. "அது இல்லம்மா" என்றேன். "உங்க மகன் தண்ணி குடிப்பேன்னு சொன்னாரு. நான் சாராயம்னு நெனச்சேன்."

டோமினிக் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறவே இல்லை.

நான் விடவில்லை. அவன் பக்கம் திரும்பினேன். "அந்தத் தண்ணிய விடு. பீரு, பிராந்தி? அது உண்டா?"

ஜெசி "அப்பா" என்றாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"கிறிஸ்மஸுக்கு ஒரு கிளாஸ் பீர் அங்கிள். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஜெசியும் அங்கேதான் முதல் தடவை கேட்டாள். மஞ்சள் காமாலை இல்லை என்றேன். என் சட்டையெல்லாம் ரத்த வாந்தி என்றேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த அம்மா சுவரில் இருந்த படத்தைக் கையால் காட்டினார். மாலை போட்ட படம்.

"இவங்க அப்பாவும் அதுலதான் போனாருண்ணே. சம்சு. தோட்டத்துல மலிவா கிடைக்கும் சாராயம். இந்த வீட்ல அதோட பேரே சொல்றதில்ல."

"பேரு சொல்லாம இருந்ததுதான் எங்க வீட்லயும்" என்றேன்.

அவர் எழுந்தார். "தண்ணி கலக்கட்டாண்ணே?"

"கலக்குங்கம்மா. சக்கரை கம்மியா."

தே வந்தது. குடித்தேன். பால் அதிகம், சக்கரையும் கம்மியாக இல்லை. டோமினிக் எங்களைப் படகுத்துறையில் இறக்கிவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் பாதிச் சம்மதம் சொன்னது மாதிரி. அதனால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படகில் வெளித்தட்டில் நின்றோம். எதிரே ஜார்ஜ் டவுன் கட்டடங்கள், பின்னால் மலை. ஜெசி என் பக்கம் திரும்பினாள். டிக்கெட் போடும் செயலி அவள் போனில் திறந்தே இருந்தது.

"அப்பா, திங்கக்கிழமைக்கு ஒரு டிக்கெட்டா, ரெண்டா?"

"அதான் டீ குடிச்சேன்ல."

"டீ குடிச்சா என்ன அர்த்தம்? நான் மறுபடியும் நானா ஒண்ணு நெனச்சுக்கணுமா? வாயத் திறந்து சொல்லுங்க."

"ஒண்ணு" என்றேன். "எனக்கு மட்டும். சம்மதம்."

இயந்திரச் சத்தம். காற்று வேறு.

"கேக்கலப்பா."

பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.