பெயின்ட் அடிக்காத சுவர்

என் மச்சான் பெயின்ட் அடிக்கிறவன். என் மனைவியின் தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். என் மகள் நடை பழகியதே அவன் விரலைப் பிடித்துத்தான். அந்த விரலில் என்றைக்கும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

இப்போது அவளுக்கே ஒரு பெண் பிறந்திருக்கிறாள். எனக்குப் பேத்தி! மூக்கு என் மூக்குதான். யார் என்ன சொன்னாலும் சரி. ஆனால் போனில்தான் பார்க்கிறோம். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டுகிறது, ஈரம் ஏறிய அறையில் படுக்க வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே மகளுடைய அறைச் சுவரோ முழங்கால் உயரத்துக்கு ஊறிக் கிடந்தது. பூஞ்சை நாற்றம் வேறு. மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரும்.

கொத்தனாரைக் கூப்பிட்டோம். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் பெயின்டை அடுக்கடுக்கா பூசி மூடியிருக்கீங்க. அப்புறம் ஈரம் எப்படிங்க காயும்? யாரு அந்தப் புண்ணியவான்?"

மச்சான் கூரையைப் பார்த்தான்.

"இவன்தான்," என்றேன்.

"நீங்கதானே அத்தான் கறை தெரியக் கூடாதுன்னு உயிரை எடுத்தீங்க!"

வெளியே செடி வைக்க மண்ணைச் சுவரோடு சேர்த்துக் கொட்டியிருந்தோம். அது உள்தரையைவிட உயரம். மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. மச்சானே மண்ணை வெட்டி அள்ளினான். உள்ளே, தான் அடித்த பெயின்டைத் தானே சுரண்டினான். பச்சை, நீலம், ரோஸ் என்று பட்டை பட்டையாக உரிந்தது. ரோஸ் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம பொண்ணு ஸ்கூல்ல சேர்ந்தப்ப அடிச்சது," என்றான். சிமென்ட் பூச்சையும் கொத்தி எடுத்து, செங்கல்லைக் காற்றாட விட்டோம்.

கொத்தனார் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை அழுத்தி ஒட்டினார். "தாளுக்கு உள்பக்கம் வேர்க்காம இருந்தா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

அதன் பிறகு காலையில் போன் வந்தால் மகள் குழந்தையைக் காட்டுவாள், மச்சான் சுவரைக் காட்டுவான்.

"மாமா, இன்னைக்கும் வேர்க்குதா?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா. பாப்பாவைக் கிட்டக் காட்டு."

"நீ முதல்ல சுவரைக் கிட்டக் காட்டு!"

குழந்தை பிறந்தபோதே அவன் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கி வைத்திருந்தான். அவ்வப்போது மூடியைத் திறந்து பார்ப்பான், மூடுவான். சுவரைப் போய்த் தடவுவான். இருமலுக்கு வைத்தியம் பார்ப்பவன் மாதிரி காதைக்கூட வைத்துப் பார்த்தான்.

ஒரு நாள் காலையில் சத்தமே இல்லாமல் என்னைக் கூப்பிட்டான். தாளைப் பிரித்திருந்தான். ஒரு சொட்டு இல்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், நீங்களும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. எனக்கு என் கை மேலேயே நம்பிக்கை வரல."

மனைவியும் மகளும் குழந்தையோடு வந்தார்கள். மகள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அந்த அறைக்குப் போய் மூச்சை இழுத்தாள். பிறகுதான் சிரித்தாள். குழந்தையை வாங்க மச்சான் கையை நீட்டினான்.

"மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது மாமா. இன்னொரு தடவை சோப்பு போட்டுட்டு வா."

கழுவிவிட்டு வந்தான். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நாங்க இருக்கிற வரைக்கும் பெயின்ட் டப்பாவைத் திறந்துடாதே. அந்த வாசனை இவளுக்கு ஆகாது," என்றாள் மகள்.

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இல்லாமல், "பெயின்டர் வீட்டுல இப்படி ஒரு சுவரா? எப்பதான் அடிக்கப் போறே?" என்று கிண்டல் செய்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க," என்றான் மச்சான், தூங்கும் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அதை அடிக்கிற அன்னைக்கு இவ இங்க இருக்க மாட்டா."