திருக்கை முள்ளுக்குச் செய்யும் வைத்தியம்

தொண்டியில் யாருக்காவது திருக்கை மீனின் முள் குத்திவிட்டால் காலை அனலில் காட்டுவோம். எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சூடு; விஷக்கடுப்பு இறங்கிவிடும். என் அத்தாவுக்கு நானே இரண்டு முறை செய்திருக்கிறேன். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை இமயமலை வரைக்கும் சுமந்துகொண்டு போனவன் நான்.

அறுபதுகளின் தொடக்கம். பட்டாளத்தில் எங்கள் பிரிவில் தமிழ் பேச இரண்டே பேர், நானும் கடலாடிப் பக்கத்துக்காரன் ஒருவனும். மாப்ள, மாப்ள என்றே கிடப்போம். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை அவன். அய்யாவுக்கு முடியவில்லை, வருகிற ஆடிக்குள் பட்டாளத்தை விட்டு வந்து ஏர் பிடிக்கிறேன் என்று கடிதம் போட்டிருந்தான். வேறு பேச்சே கிடையாது அவனுக்கு.

அன்று மலைமுகட்டின் மேலேயே மூன்றாம் நாள் நடை. இரண்டு பக்கமும் பாதாளம், நடுவில் வரப்பு அகலத்துக்குப் பனி. அவன் பூட்ஸ் காலையிலேயே நனைந்திருக்கிறது. சொல்லவில்லை, படுபாவி.

“கரிசக் காட்டுல வெறுங்காலோட நடந்த காலு மாப்ள. இதுக்கு ஒண்ணும் ஆகாது.”

மதியம் ஒரு கல் கொட்டகையில் பூட்ஸைக் கழற்றினால் வலது பாதம் மெழுகாக வெளுத்திருந்தது. ஹவில்தார் மலைக்காரர். தீயில் காட்டாதே, உன் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள் என்று என்னிடம் இந்தியில் சொல்லிவிட்டு வெளியே போனார். இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு ஒரு திமிர். ஸ்டவ்வை ஏற்றினேன்.

“சுடுதாலே?”

“இல்ல மாப்ள. இன்னுங் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ.”

கொண்டுபோனேன். யா அல்லாஹ், தோல் கருகுகிற வாடை வந்த பிறகுதான் காலை வெடுக்கென்று இழுத்தேன். அப்போதும் அவனுக்கு வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தீயில் காட்டாதிருந்தால் விரல்களை எடுப்பதோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆடியில் லீவு கிடைத்ததும் அவனைப் பார்க்கப் போனேன். அவன் புஞ்சை ஓரத்தில் ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உழுதுகொண்டிருந்தவர் அவன் அய்யா. என்னைக் கண்டதும் ஏரை நிறுத்திவிட்டு, இருமிக்கொண்டே வந்தார்.

“நீங்க தீ மூட்டிக் காலைக் காய்ச்சலேன்னா எம்மவன் அங்கனயே போயிருப்பானாம்ல. எல்லாஞ் சொன்னான் தம்பி.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

அய்யா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன். அவர் இருமிக்கொண்டே ஏருக்குத் திரும்பிப் போனார்.