தாய்மாமன் கொண்டுவந்த வெற்றிலை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மேகமலையிலிருந்து ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து சின்னமனூருக்கு இறக்கி, அந்தக் கூலியில் மாடு வாங்கி, வண்டி வாங்கி, யுத்தம் தொடங்கிய சமயத்தில் சொந்தமாக நாலு வண்டி ஓட்டினேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. போடிக் கடைவீதியில் நான் ஒரு விலை சொன்னால் மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்ட என் வார்த்தையை நம்பாத ஒரே ஆள், என்னைப் பெற்றவள்.

என் தம்பி மேகமலை எஸ்டேட்டில் வேலையிலிருந்தபோது மலைக்காய்ச்சல் வந்து செத்துப்போனான். தகவல் கிடைத்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். அடைமழையில் பிணத்தைக் கீழே இறக்க வழியில்லை. முகத்தைப் பார்த்தேன். என் கையால்தான் மண் தள்ளினேன். எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்கு வந்து சொன்னால் ஆத்தா அழவில்லை. கொடியில் கிடந்த தம்பியின் கம்பளியைக் காட்டினாள்.

"கம்பளி இங்கன கெடக்கு. இது இல்லாம எம்மகன் அந்தக் குளுருல இருப்பானா? நீ வேற எவனையோ பொதைச்சிட்டு வந்து நிக்கிற."

"போன வாட்டி நாந்தான ஆத்தா புதுசு வாங்கிக் குடுத்தேன். அதுலதான் சுத்திப் பொதைச்சோம்."

"மொகம் வீங்கியிருந்துச்சுன்னு நீதான சொன்ன. வீங்குன மொகத்துல என்னத்தக் கண்ட?"

என்ன சொன்னாலும் அதில் ஒரு பொத்தலைக் கண்டுபிடிப்பாள். காரியம் செய்யவும் விடவில்லை. அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

அது எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். தாய்மாமன் மகள் தம்பிக்கு முறைப்பெண். சின்னதிலேயே பேசி வைத்தது. எங்கள் பக்கம் முறைப்பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால் முறைக்காரன் வீட்டுக்கு வெற்றிலை கொண்டுவந்து கேட்க வேண்டும். அவர்கள் வெற்றிலையை எடுத்து, 'குடுங்க' என்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்ததால் தம்பியின் உரிமைதான் பேச்சு. அந்தப் பிள்ளைக்குக் கடமலைக்குண்டில் நல்ல இடம் அமைந்திருந்தது. ஆவணிக்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தட்டோடு வந்த மாமாவை ஆத்தா திருப்பி அனுப்பினாள்.

"மலையிலருந்து எறங்கட்டும். கட்டிக்குவான்."

மறுபடி வந்தபோதும் அதே பதில். மாமா என்னை வாசலுக்கு இழுத்துப்போனார்.

"போடியே ஒம் பேச்சக் கேக்குதுன்னு பீத்துற. பெத்தவ கேக்கல. என்ன பெரிய மனுசன் மாப்ள நீ?"

சுருக்கென்றது. உள்ளே போய்க் கம்பளியை உருவிச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்பினேன். ஆத்தா தடுக்கவில்லை.

"எறி. வந்து கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

வாய்க்கால் கரை வரை போனவன் திரும்பி வந்து அதே கொடியில் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஆடி முடியும் தறுவாயில் மாமா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டு அவர் கையில். அவள் கையில் ஒரு துணி மூட்டை. ஆத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையைக் கீழே வைத்தது.

"அத்தை, நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"அவுக வர்ற வரைக்கும்."

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே இருக்கத்தான் வந்திருந்தாள். ஆத்தாவின் முறம் நின்றுவிட்டது. மூட்டையைப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தாள்.

"குடுங்க. அவன் வர நாளாகும். பிள்ள காத்துக் கெடக்க வேணாம்."

மாமா சட்டென்று எழுந்து செருப்பைத் தேடினார். ஆத்தா என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, ஒந்தம்பி வந்து கேட்டா, நாந்தான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லு."

இந்தக் கண்ணால் பார்த்தேன், இந்தக் கையால் மண் தள்ளினேன் என்று வாய் வரை வந்துவிட்டது. மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிள்ளை மூட்டையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்றேன் ஆத்தா" என்றேன்.